கம்பம் பிடித்த கை

போன வாரம் பொங்கலூர்ப் பக்கம் ஒரு கூட்டம். இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். தாசில்தார். அவருடைய கிளார்க். ஊரின் பெரிய பண்ணைக்காரர். வாத்தியார். எதிரே ஊர்ச் சனம். மைக் செட்டோடு நான். அப்புறம் மருதன் — பண்ணைக்காரரின் ஆள்.

என்ன கூட்டம்? அடிமை ஒழிப்பு.

மருதனின் அப்பன் பண்ணைக்காரரிடம் எப்போதோ வாங்கிய கடன். அப்பன் போய்ச் சேர்ந்தான், கடன் போகவில்லை. அதற்கு மகன் உழைக்கிறான். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் மச்சான் இடம் பார்த்து வைத்திருக்கிறான். திங்கட்கிழமைக்குள் போகாவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். ஒயர் இழுக்கும்போது அவனே சொன்னது இது.

ஸ்பீக்கர் கட்ட மூங்கில் நட வேண்டும். பாறை நிலம். கடப்பாரை கேட்டேன்.

"குழி எதுக்குங்க? நம்ம மருதன் புடிச்சுக்குவான்," என்றார் பண்ணைக்காரர்.

பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும்.

தாசில்தார் நன்றாகப் பேசினார். உலக நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டாயிற்று — மனிதனை மனிதன் அடிமையாக வைக்கக் கூடாது. நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. கடனுக்காக ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது, அந்தக் கடனெல்லாம் ரத்து. அத்தனையும் மருதனின் தலைக்கு மேலிருந்துதான் முழங்கியது.

"இங்கே அப்படி யாராவது இருந்தால் கை தூக்கலாம்."

யார் தூக்குவது? தூக்க வேண்டியவன் கை கம்பத்தில்...

"பாத்தீங்களா, நம்மூர்ல அப்படி ஆருமில்லீங்க," என்றார் பண்ணைக்காரர். கிளார்க் பேனாவைத் திறந்தார்.

"மைக்கண்ணா, சித்த இதப் புடிங்க," என்றான் மருதன். பிடித்தேன். அவன் கை தூக்கினான்.

"டேய் மருதா, கைய எறக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டனுங்க, சாமி." கை இறங்கவில்லை.

தாசில்தார் பண்ணைக்காரரைப் பார்த்தார். "இவரை... அனுப்பிவிடலாமா?"

கேட்டீர்களா? உலகமே ஒழித்ததற்கு உள்ளூரில் பர்மிஷன் வேண்டும்.

"தாராளமாங்க. தை பொறக்கட்டும், அனுப்பிடலாம்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் தாசில்தார். மேடையில் கை தட்டினார்கள்.

"நான் இப்பவே போறனுங்க, சாமி," என்றான் மருதன். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

"அட, இந்தச் சேரையெல்லாம் ஆரு கொண்டுபோய் ஊட்ல போடறது?" என்றார் பண்ணைக்காரர்.

நாற்காலிகள் அவர் வீட்டுடையவை. மருதன் தலையில் வந்தவை. வாத்தியார் தூக்கினார். கிளார்க் தூக்கினார். நான் தூக்கினேன். மொத்தம் இருபத்துநாலு.

பண்ணைக்காரர் தூக்கியது இரண்டு.