முதலில் கல்லைப் போடுங்கள்

பிள்ளை பெறாதவளுக்குத் தொட்டிலைப் பற்றி என்ன தெரியும் என்று என்னிடம் கேட்டார்கள். நேராகக் கேட்கவில்லை, நேராகக் கேட்டிருந்தால் அங்கேயே பதில் கொடுத்திருப்பேன். சாடைமாடையாக, சிரித்துக்கொண்டே, தாம்பூலத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

என் தம்பிக்குப் பெண் குழந்தை. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அவன் மனைவி, மூன்றாம் மாதம் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எங்கள் வீடு என்பது அப்பா கட்டியது, கடலுக்குக் கிட்டத்தில், மாப்பிள்ளையூரணிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் நாலு தெரு தள்ளி இருக்கிறோம்.

அப்பா கொற்கைப் பக்கத்து வயல்காரர். துறைமுகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். அவர் ஊரில் எல்லோரும் வாய்க்கால் தண்ணீரில் வீடு கட்டுவார்கள், அது வாயில் வைத்தால் இனிக்கும். அதே நினைப்பில் இங்கே வீட்டுக் கிணற்றை இறைத்துச் சிமெண்டு குழைத்துவிட்டார். அந்தத் தண்ணீரோ நாக்கில் வைக்க முடியாத உப்பு. வெளியே உப்புக் காற்று, உள்ளே உப்புத் தண்ணீர், நடுவில் மாட்டிக்கொண்ட கம்பி என்ன செய்யும், பாவம். உள்ளுக்குள்ளேயே துருவேறிப் பொரிந்து ஊதிக் காரையைத் தள்ளிக்கொண்டு வரும். எங்கள் அடுப்படிக் கூரை ஒரு தடவை பெயர்ந்து சோற்றுப் பானைக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அன்றைக்குச் சோற்றைக் கொட்டிவிட்டு, மேலே பூசி மறைத்துவிட்டு, எல்லோரும் அதை மறந்துபோனோம்.

ஹால் கூரையில் இரண்டு இரும்புக் கொக்கிகள் உண்டு. ஒன்று நடுவில், ஒன்று ஜன்னல் பக்கம். வீடு கட்டும்போதே கம்பியோடு சேர்த்துக் காங்கிரீட்டில் பதித்தவை. பிள்ளை வருகிறது என்று தம்பி வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தான், தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டான், இரண்டு கொக்கிக்கும் சில்வர் பெயின்ட் அடித்தான். இந்தச் சில்வர் பெயின்டைப் போல ஒரு பித்தலாட்டம் உலகத்தில் கிடையாது. எங்கள் ஊரில் வாசல் கேட்டுக்கு அடிப்பார்கள், ஜன்னலுக்கு அடிப்பார்கள், மாடிப்படிக் கைப்பிடிக்கு அடிப்பார்கள். துருவைச் சுரண்டிவிட்டு அடியுங்கள் என்றால் ஒருவர் காதிலும் விழாது. துருவின் மேலேயே பூசிவிட்டுப் பளபளவென்று இருக்கிறது பார் என்பார்கள்.

பிள்ளையைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு முந்தின நாள் வீடு கூட்டிக் கொடுக்கப் போனேன். நடுக் கொக்கிக்கு நேர் கீழே, வெள்ளை டைல்ஸில், செம்பழுப்பாகத் தூள் கிடந்தது. கூட்டினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் கிடக்கிறது. தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இங்கன வா. இதப் பாரு."

"பெயின்ட்காரன் சுரண்டுன தூசிக்கா."

"அவன் எங்கலே சுரண்டுனான். சுரண்டியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்."

அவன் ஸ்டூல் போட்டு ஏறிக் கொக்கியைக் கையால் ஒரு இழுப்பு இழுத்தான். "பாரு, அசையுதா?"

"கையால இழுத்தா அசையாதுலே. தொட்டில மாட்டி நாள் முழுக்க ஆட்டும்போதுதான் அது வேலையக் காட்டும். ஆளக் கூப்பிட்டுக் கொத்திப் பாரு."

"நாளைக்கு விசேஷத்த வச்சிக்கிட்டு மச்ச இடிக்கச் சொல்லுதியாக்கா?" என்று சிரித்துவிட்டு, வாழையிலை சொல்லப் போய்விட்டான்.

சித்தி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் சித்தி வைத்ததுதான் சட்டம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் பிள்ளையை முதல் முதலாகத் தொட்டிலில் போடுகிறவள் அத்தைதான். அத்தை நான். ஆனால் எனக்குப் பிள்ளை இல்லை என்பதால், இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்ற தன் மகளைத்தான் சித்தி அதற்கு ஏற்பாடு செய்திருந்தாள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அதற்காக அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்த பேச்சு வந்தபோது தானாகத் தெரிந்துகொண்டேன்.

"ஏளா," என்றாள் சித்தி, "அந்தக் கொக்கியையே பிடிச்சி ஏன் தொங்குத? உன்னத் தொட்டில்ல போடக் கூப்பிடலன்னு மனசுல கெடக்கு. எனக்குத் தெரியாதா?"

"கெடக்கத்தான் செய்யுது சித்தி. அதுக்கும் கொக்கிக்கும் என்ன சம்பந்தம்?"

"பிள்ள பெத்து வளத்தவளுக்குத் தெரியாத தொட்டிலா. நாங்கல்லாம் வளக்கலையா?"

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வரும். நாங்கல்லாம் வளர்க்கலையா. ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவார்கள். கழுத்தில் சங்கிலியோடும் கறுப்புக் கயிற்றோடும் தூங்க வைப்பார்கள். நாலு வயதுக்காரனை ஆட்டச் சொல்லிவிட்டு சீரியல் பார்ப்பார்கள். அவன் சுவரில் போய் இடிக்கிற மாதிரி ஆட்டுவான். உட்காரத் தெரிந்த பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், சாமி காப்பாற்றியது என்று திருநீறு பூசுவார்கள். தப்பித்த பிள்ளைகள் வளர்ந்து வந்து நாங்கல்லாம் வளரலையா என்று கேட்கும். தப்பாத பிள்ளை எந்த வீட்டில் வந்து கேட்கும்?

மறுநாள் தம்பி மனைவியின் அண்ணன் தாய்மாமன் சீராகத் தொட்டில் கொண்டுவந்தார். ஸ்பிரிங் தொட்டில். லேசாகத் தட்டினால் போதும், மேலும் கீழுமாகத் தானே குதித்துக்கொண்டிருக்கும். தம்பி அதை நடுக் கொக்கியில் மாட்டினான். தொட்டில் குதிக்கக் குதிக்க, கொக்கி வெடுக் வெடுக்கென்று இழுபடுவது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது போலிருக்கிறது. மற்றவர்கள் தொட்டிலில் கட்டிய பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைக்கு முன்னால் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, துணி சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். கல்லைப் போல ஆயுசு கெட்டி என்பார்கள். சித்தி அன்றைக்குக் குழவிக்குப் பதிலாக ஒரு தேங்காயைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கேட்டால், புது டைல்ஸாம், கல் கைதவறினால் உடைந்துபோகுமாம். எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. டைல்ஸுக்குப் பதறுகிற மனசு பிள்ளைக்குப் பதறவில்லையே.

நான் யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனேன். அம்மாவின் அம்மி துவைகல் பக்கத்தில் கிடக்கிறது. குழவியைக் குழாயடியில் கழுவினேன், மஞ்சளைப் பூசினேன், இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பட்டுப்புடவையெல்லாம் ஈரம்.

"முறைன்னா முறையாச் செய்யணும் சித்தி. மொதல்ல கல்லப் போடுங்க."

"அம்புட்டு கனத்தையா? பிள்ள என்ன கல்லு கனமா இருக்கு?"

"இன்னைக்கு இல்ல. இந்தத் தொட்டில்லதானே ஒரு வயசு வரைக்கும் படுக்கப்போறா. அவ வளரமாட்டாளா?"

வந்திருந்தவர்கள் முன்னால் முறையை வேண்டாம் என்று சொல்ல சித்தியால் முடியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். அவள் என்னிடமிருந்து கல்லை வாங்கித் தொட்டிலில் வைத்தாள். பிள்ளை அப்போது உள்ளறையில் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சித்தி மகள் தொட்டிலைத் தள்ளினாள். ஒரு ஆட்டம், திரும்பி வந்தது, இரண்டாவது ஆட்டம். மூன்றாவதுக்குத் தொட்டில் போனது, கொக்கியும் கூடவே போனது. ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கொட்டியது. கல் தரையில் இறங்கி டைல்ஸ் நாலாகப் பிளந்தது. ஸ்பிரிங் சுவரில் அடித்துக்கொண்டு கிடந்தது.

குலவை நின்றுவிட்டது. நான் கொக்கியை எடுத்துப் பார்த்தேன். வெளியே தெரிந்த வளைவு பளபளவென்று சில்வராக இருந்தது. உள்ளே இருந்த பகுதி ஈர்க்குச்சி அளவுக்குத் தேய்ந்து, விரலால் அமுக்கினால் உதிர்ந்தது. தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

முதலில் வாய் திறந்தது சித்தி. "கண்ணு," என்றாள். "இவ நேத்திலேருந்து அண்ணாந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தால்லா. வயித்தெரிச்சல் பட்ட கண்ணுக்கு இரும்பு என்ன, மல கூட நிக்காது."

அத்தனை பேரில் ஒருத்தராவது, கொக்கியைப் பார் சித்தி, உளுத்துக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார்கள். சித்தி அடுப்படிக்குப் போய்க் கல்லுப்பும் வத்தலும் எடுத்து வந்து சுற்றிப் போட்டாள். உப்பு தின்ற கம்பிக்கு உப்பையே சுற்றிப் போடுகிற கூத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லோருக்கும் சுற்றினாள், என்னை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொன்னாள்.

"அப்படியே இருக்கட்டும் சித்தி," என்றேன். "என் கண்ணு பட்டுத்தான் விழுந்துச்சு. பிள்ள அதுல இல்லாத நேரமாப் பாத்துப் பட்டுச்சே, அந்த மட்டுக்கும் நல்ல கண்ணுதான்."

சித்தி காதில் வாங்கவில்லை. உப்பு அடுப்பில் வெடித்து முடிந்ததும் தம்பியைப் பார்த்துச் சொன்னாள், "அதான் கழிஞ்சிட்டுல்லா. நல்ல நேரம் போறதுக்குள்ள அந்த ஜன்னல் பக்கத்துக் கொக்கியில மாட்டுலே."

என் தம்பி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனான். சத்தியமாகப் போனான். அதே கிணற்றுத் தண்ணீரில் பதித்த, அதே டப்பாப் பெயின்டை அடித்த கொக்கி. ஒரு கையில் உளுத்த இரும்பை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் தொட்டிலை அதில் மாட்டினான். படித்தவன். மாதச் சம்பளம் வாங்குகிறவன். எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. சித்தி மகள் அந்தக் கொக்கிக்குக் கீழே போய் நின்று பிள்ளைக்காகக் கையை நீட்டினாள்.

தம்பி மனைவி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். சத்தம் கேட்டு அப்போதே வந்துவிட்டிருக்கிறாள். அதிகம் பேசாதவள், என்னிடம்கூட மைனி என்று கூப்பிடுவதோடு சரி, சித்தி சொன்னால் மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். உடைந்த டைல்ஸையும் அதன் நடுவில் கிடந்த கல்லையும் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"பிள்ளையக் கொண்டாம்மா," என்றாள் சித்தி.

"மைனி கண்ணு பட்டுத்தான் விழுந்துச்சின்னா," என்று அவள் என்னைப் பார்க்காமல், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள், "அந்தக் கொக்கியையும் மைனி ஒரு தடவ நல்லாப் பாக்கட்டும். அந்தக் கல்ல எடுத்து மொதல்ல இதுல போடுங்க. அது நின்னா, என் பிள்ளையத் தாரேன்."

கல்லைத் தூக்க யாரும் குனியவில்லை. கொக்கிக்கு நேர் கீழே நின்றிருந்த சித்தி மகள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மெல்ல நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.