மாலை போடாத படம்

"இலங்கையில் எந்த இடம்?" என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் கேட்டபோது, "கொழும்பு" என்று பொய் சொன்னேன். எங்கள் ஆட்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால் சாதி பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஆமிக்காரன் கேட்டால் இயக்கமா என்று பார்க்கிறான். இவளுக்கு என்ன தேவை? லண்டன் வால்தம்ஸ்டோவுக்கு நான் வந்த நாள் முதல் குப்பை வாளியைத் தவிர வேறெதைப் பற்றியும் அவள் என்னோடு கதைத்ததில்லை.

அடுத்த கிழமை, "கண்டிக்குப் போயிருக்கிறீர்களா?" என்றாள். பிறகு, தபால்காரன் தன் வீட்டில் விட்டுப்போன எங்கள் பார்சலைத் தர வந்தவள், சுவரில் இருந்த தம்பியின் படத்தைப் பார்த்து, "யார் அது?" என்றாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "சொந்தக்காரர்" என்றேன்.

"உந்த மனிசி சும்மா கேக்கேல்லை. ஆரோ கேக்கச் சொல்லியிருக்கினம்," என்றாள் மனைவி. "நீங்கள் வாயைக் குடுக்காதேங்கோ."

"ஓமோம், எனக்குத் தெரியும்."

அந்தச் சனிக்கிழமை கிழவி தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். வேவு பார்க்கிறவளை நானும் ஒருக்கால் வேவு பார்ப்போமே என்று போனேன்.

அவள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞனின் சித்திரம் இருந்தது. அவளுடைய பூட்டனுக்கும் முந்திய ஒருவரின் தம்பியாம். இருநூறு வருடத்துக்கு முந்தி கண்டி ராச்சியத்தைப் பிடிக்க வெள்ளைக்காரன் அனுப்பிய முதல் படையில் போனவன். போன இடத்தில் நகரம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு காய்ச்சல் வந்து பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். கண்டிக்காரர் வளைத்துக்கொண்டார்கள். உயிரோடு போகவிடுவோம் என்ற வாக்கை நம்பி வெளிக்கிட்டவர்களை, பெருகி ஓடிய மகாவலி ஆறு மறித்தது. துவக்குகளைக் கீழே வைத்துச் சரணடைந்தார்கள். அதன் பிறகு கண்டிக்காரர் அவர்களைக் கொன்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போனால் வேறென்ன கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

"உண்மைதான்," என்றாள். "ஆனால் அவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டானே."

என் தம்பியும் இயக்கத் துவக்கைக் கீழே வைத்தவன்தான். கடைசி யுத்தத்தில் அம்மாவே அவனைக் கையில் பிடித்துப் பாலத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஆமியிடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அம்மா இன்றுவரை, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியை அவனுக்குச் செய்ய விடவில்லை. படத்துக்கு மாலை போடவும் விடவில்லை.

சித்திரத்தின் கீழே பிறந்த ஆண்டு மட்டும் இருந்தது.

"தப்பி வந்த ஒருவன் அவனை ஆற்றங்கரையில் கண்டிருக்கிறான். விழுந்ததைக் காணவில்லையாம். அதனால் தாய் மற்ற ஆண்டை எழுத விடவில்லை," என்றாள். "அந்த ஆற்றைப் பார்த்த யாரோடாவது கதைக்க வேண்டும்போல இருந்தது. வேறொன்றுமில்லை."

சீ, இதற்காகவா நான் இவ்வளவு பயந்தேன்! "நான் கொழும்பு இல்லை, முல்லைத்தீவு," என்றேன். "எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பது என் தம்பி." பாலத்தடி, பஸ், அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். லண்டனில் மனைவியைத் தவிர எவரிடமும் சொல்லாத கதை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போனானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கையை உதறி எழுந்தேன்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று தமிழில் கத்தினேன்.