அதே பெயரில் இன்னொருவர்

ஈழப்போர் முடிந்த அந்த மே மாதத்தில், டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் இருந்துகொண்டு காணாமற்போனவர்களுக்காக ஓர் இணையப் பக்கம் நடத்தினேன். வரும் விவரங்களை வெறும் எழுத்தாகத் தட்டுவேன். நான் எழுதிய கணினி நிரல் அதை வலைப்பக்கமாக்கி, தலைப்பாக இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் தானாகவே ஓர் இணைப்பு வைக்கும். அதே பெயர் கீழே மறுபடி வந்தால், அதற்குப் பின்னால் ஓர் எண் சேர்க்கும். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமை வேறு.

அதே நாட்டில் பிராண்டே என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஓர் அக்காவுக்கு, அவருடைய தம்பி சிவகுமாரின் இணைப்பை அனுப்பியிருந்தேன். 'தகவல் இல்லை' என்றிருந்த அதை அவர் தினமும் திறந்து பார்ப்பார். ஒருநாள் இன்னொரு சிவகுமாரின் விவரம் வந்தது. பட்டியலின் மேலே சேர்த்தேன். கீழே தள்ளப்பட்ட அக்காவின் தம்பியின் இணைப்பில் எண் விழுந்தது. அக்காவிடமிருந்த பழைய இணைப்பு இனிப் புதியவரிடம் போகும் என்று நான் யோசிக்கவேயில்லை.

மறுநாள் காலை அக்கா அழைத்தார்.

"தம்பி, சிவகுமார் முகாமில உயிரோட இருக்கிறார் எண்டு போட்டிருக்கு. அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன். இப்பதான் தகப்பன்ரை பேரைப் பாத்தனான். இது எங்கட ஆள் இல்லை."

"என்ரை பிழை அக்கா" என்றேன்.

அக்கா கேட்டார்: "இந்தப் பிள்ளையின்ரை தாய்க்கு ஆரும் சொன்னவையோ?"

யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் ஏற்றியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நான்கைந்து இடங்களுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து, அந்தத் தாய்க்குச் சொன்னவர் அக்காதான்.

அன்றே, ஒவ்வோர் இணைப்பிலும் பெயரோடு தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்து, எல்லாவற்றையும் கையாலேயே எழுதினேன். அக்காவின் தம்பியுடைய இணைப்பு இன்றும் சரியான இடத்தில்தான் திறக்கிறது. அங்கே எழுத எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.