நாற்காலி கேட்கும் வாத்தியம்

என்னிடம் இருக்கும் பெடல் ஸ்டீல் கிடாரைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதன் நான்கு கால்களும் ஒரு பழைய தையல் மெஷினுடையவை. கீழே இருக்கும் இரண்டு மிதிகளும் அதே மெஷினின் இரும்பில் வெட்டியவை. மிதியிலிருந்து தந்திக்குப் போவது சைக்கிள் பிரேக் ஒயர். தந்திகளை மட்டும் திருச்சியில் கடையில் வாங்கினேன். குத்தாலத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் நான். கைக்கு அகப்பட்டதை வைத்துத்தானே செய்ய முடியும்?

பக்கத்து டீக்கடை ரேடியோவில் டிசம்பர் வந்தால் கடல் தாண்டிய ஒரு ஸ்டேஷனின் கிறிஸ்துமஸ் இசை கேட்கும். அதில் ஒரு வாத்தியம் மட்டும் என்னை வேலை செய்ய விடாது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு நின்றுவிடுவேன். திருச்சி கடைக்காரர்தான் அதன் பெயரைச் சொல்லி, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படமும் காட்டினார். கிடாரை மேஜை போலப் படுக்கவைத்து, ஒரு இரும்பு உருளையைத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். மிதியை அழுத்தினால் ஒரு தந்தி அப்படியே நிற்க, அடுத்த தந்தி மட்டும் மெல்ல ஏறும். மடை திறந்ததும் வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏறும். எனக்கு அந்த ஏற்றம் போதும். இரண்டு வருஷம் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருக் கோயிலில் முதல் தடவை கிறிஸ்து பிறப்புப் பாட்டை அதில் வாசித்தபோது பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா கடைசி வரிசையில், பாயில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "நல்லாத்தான் அழுவுது" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா பெரிய தெரு மிராசுதாரின் பண்ணையில் சிறு வயதிலிருந்து வேலை செய்தவர். அந்த வீட்டு வாசலில் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். எவ்வளவு நேரமானாலும் நிற்பார். அப்போது மேடைக்கு மேடை சுயமரியாதை பேசித்தான் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். மிராசுதாரும் புதுக் கட்சியின் கரை வேட்டிக்கு மாறிவிட்டார். வேட்டியின் கரை மாறியதே தவிர, அப்பா நிற்கும் இடம் மாறவில்லை. நாங்கள் குடியிருக்கும் மனை எங்களுக்கே சொந்தம் என்று சட்டம்கூட வந்திருந்தது. மெட்ராஸில் கிளம்பிய அந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கு வரும் வழியில் எங்கேயோ பஸ்ஸைத் தவறவிட்டிருந்தது.

அந்த வருஷம் களையெடுப்பில் கூலிச் சண்டை வந்தது. வரப்புகளில் செங்கொடி நட்டார்கள், போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது. அதே மாதத்தில்தான் எங்கள் கிறிஸ்துமஸ் பஜனை பெரிய தெரு வழியாகவும் போக வேண்டும் என்று நாங்கள் மனு எழுதிக் கொடுத்தோம். அதுவரை பஜனை எங்கள் தெருவைச் சுற்றிவிட்டு வாய்க்கால் மதகோடு திரும்பிவிடும். தாசில்தார் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு அமைதிக் கூட்டம் போட்டார்.

மிராசுதார் பெரிய மனசு பண்ணினார். "வரட்டும். வாசல்ல நின்னு பாடிட்டுப் போவட்டும். யாரு வேணாங்கிறா" என்றார்.

நான் எழுந்து, "நின்னுக்கிட்டு வாசிக்க முடியாதுங்க" என்றேன்.

தாசில்தார் நான் வம்பு பண்ணுவதாக நினைத்தார். "ஏம்ப்பா, உனக்குக் கால்ல ஏதாவது..." என்று இழுத்தார்.

"கால் நல்லாருக்கு சார். ரெண்டு காலும் மிதியில இருக்கணும். அது உக்காந்து வாசிக்கிற வாத்தியம்."

மிராசுதார் என்னைப் பார்க்கவில்லை. தாசில்தாரைப் பார்த்துப் பேசினார். "அவங்கப்பன் எங்க வாசல்ல குந்துனதுகூடக் கெடையாதுங்க. இவன் நாற்காலி போட்டு ஒக்காருவானா? அந்தச் சாமான வீட்டுலயே வச்சிட்டு வரச் சொல்லுங்க."

தாசில்தாருக்கு ஊருக்குத் திரும்பும் அவசரம். விளக்கு வைப்பதற்குள் முடிக்க வேண்டும், கொடி கூடாது, கோஷம் கூடாது, வாத்தியங்களுடன் பஜனைக்கு அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை நாலு தடவை படித்தேன். நாற்காலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் நல்லவர், ஆனால் பயந்தவர். கடைக்கே வந்துவிட்டார். "தம்பி, இந்த வருஷம் ஆர்மோனியத்தக் கழுத்துல மாட்டிக்கிட்டு முடிச்சிடுவோமே. ஆண்டவர் பொறந்தப்ப அவருக்கே எடம் கெடைக்கல."

"அதனாலதாங்க நான் நாற்காலியக் கையோட எடுத்துட்டு வரேன்" என்றேன்.

அவர் கோயில் நாற்காலியைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பரவாயில்லை, என் கடையில் ஒன்று இருந்தது. முதுகில் பலகை அடித்த, ஒரு கால் கொஞ்சம் ஆடும் மர நாற்காலி.

உபதேசியாரைச் சமாளித்தேன். அப்பாவைத்தான் சமாளிக்கத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "தை அறுப்புக்குக் கூப்புட மாட்டாரு" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கான நெல் வருவது அந்த ஒரு அறுப்பில்தான். அது போனால் என் பஞ்சர் கடையை நம்பி ஆறு பேர் உட்கார வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பிடிவாதம் பிடித்தேன். இவர் ஒரு ஆயுசு முழுக்க நின்றது போதும், அந்த வாசலில் நானும் நிற்கமாட்டேன் என்று எனக்குள் ஒரு ஆத்திரம். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அறுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கூப்பிடவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் திருவிடைமருதூர்ப் பக்கம் போய் யார் யார் வயலிலோ அறுத்து, வழக்கத்தில் பாதி நெல்லோடு வந்தார்கள். அந்த வருஷம் கஞ்சி கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது.

பண்டிகையன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து பஜனை கிளம்பியது. இரண்டு பேர் கிடாரைப் பாடை தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டார்கள். மைக்செட்காரர் பேட்டரியையும் குழாய் ஸ்பீக்கரையும் சைக்கிளில் கட்டித் தள்ளினார். நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன். அப்பா துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, அதை என்னிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நெல்லுக்கட்டு தூக்கும் அதே நடையில் முன்னால் போனார்.

பெரிய தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மிராசுதார் தன் வீட்டு முகப்பில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். ஓரமாக ஒரு போலீஸ்காரர். அப்பா நேராகப் போய் அந்த வீட்டுக்கு எதிரே தெருவில் நாற்காலியை இறக்கிவைத்து, ஆடும் காலுக்கு ஒரு ஓட்டுச்சில்லைச் செருகினார். சும்மாட்டை அவிழ்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நான் உட்கார்ந்தேன்.

முதல் மிதியே தவறி, பாட்டு அபசுரத்தில் ஆரம்பித்தது. யாரோ சிரித்தார்கள். உருளையை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை தந்தி ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. ஸ்பீக்கர் வழியே அது அந்தத் தெருவின் கடைசி வீடு வரை போனதை நான் உடம்பில் உணர்ந்தேன். அதற்குப் பிறகு எவ்வளவோ கிறிஸ்துமஸ் வாசித்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக வாசித்ததில்லை.

பாட்டு பாதியில் மிராசுதார் குரல் கொடுத்தார், என்னிடம் இல்லை, அப்பாவிடம். "டேய், ஒம்மவன எந்திரிக்கச் சொல்லுடா."

அப்பா குனிந்த தலையோடு, "அவன் எந்திரிச்சா பாட்டு வராதுங்க ஆண்டே" என்றார்.

கடைசித் தந்தி அடங்கியதும், "பாட்டுதான் முடிஞ்சிடுச்சே. எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் மிராசுதார்.

நான் எழுந்தேன். கிடாரைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டேன். நாற்காலியை எடுத்துக்கொள்ள அப்பா வந்தார். அதன் முதுகில் கை வைத்தார். பிறகு இடுப்புத் துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. எது மிதி, எது தந்தி என்றுகூடத் தெரியாது. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, அந்த முகப்பைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் உபதேசியார் அடுத்த பாட்டை எடுத்தார். நாங்கள் சேர்ந்துகொண்டோம். நான்கு சரணம். கிடார் இல்லை, ஆர்மோனியம் இல்லை, வெறும் குரல்.

நான்கும் முடிந்த பிறகு அப்பா எழுந்து, நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டார். துண்டு தோளிலேயே இருந்தது.

"அடுத்த வீட்டுக்குப் போவலாம், வாங்க" என்றார்.