மாற்றிப் பேச முடியாத ஒரு சம்மதம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டை ஒட்டி, எனக்குச் சொந்தமான ஒரு சந்து இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி பக்கவாதத்தால் சக்கர நாற்காலிக்கு வந்தபோது, "சார், உங்க சந்துல ஒரு சாய்தளம் கட்டிக்கலாமா?" என்று அவர் கேட்டார்.

"தாராளமா கட்டிக்குங்க" என்றேன். அவர் தன் வாசற்படியை இடித்துவிட்டுச் சாய்தளம் கட்டினார். சிமென்ட் குழைக்கத் தண்ணீர்கூட நான்தான் கொடுத்தேன்.

மூன்று வருஷம் கழித்துக் கார் வாங்கினேன். சந்தில் நிறுத்தலாம் என்றால் சாய்தளம் மறித்தது. அதை எடுக்கச் சொல்லலாமா என்று, வக்கீலாக இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் கேட்டேன்.

"எழுத்துல ஒண்ணும் கொடுக்கலையே" என்றேன்.

"உன் வார்த்தையை நம்பி அவர் படியையே இடிச்சிருக்கார். நீயும் பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்க. இப்ப மாத்திப் பேசினா கோர்ட் ஒத்துக்காது. எஸ்டாப்பல்னு சொல்லுவோம், தமிழ்ல முரண்தடை" என்றாள்.

வெட்கமாக இருந்தது. சட்டம் குறுக்கே நிற்காவிட்டால் சாய்தளத்தை எடுக்கச் சொல்லியே இருப்பேன் என்பது எனக்குத் தெரியும். காரை இன்றும் இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதில்லை.