பக்கத்து அறையிலிருந்து வந்த கமெண்ட்

எனக்கும் என் கணவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே டீம், ஒரே வீடு. மலையில், பேத்துப்பாறைக்குப் போகிற வழியில், முன்பக்கம் பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கிற வாடகை வீடு. அவர் மேசை படுக்கையறையில், என் மேசை சமையலறையை ஒட்டி. நடுவே ஒரு சுவர். லாரிச் சரக்குக் கணக்குகளுக்கான பெரிய மென்பொருள் ஒன்றை எங்கள் டீம் எழுதிக்கொண்டிருந்தது. யார் எழுதினாலும் இன்னொருவர் படித்துப் பார்த்து அப்ரூவ் செய்தால்தான் அது உள்ளே போகும். நான் எழுதியதைப் படிக்கிறவர் அவர். விளங்குமா?

'இங்கே ஒரு வரி விடவும்.' 'இந்த அடைப்புக்குறி கீழே வரட்டும்.' வாயைத் திறந்து சொன்னால் எனக்குக் கேட்கும். மனிதர் சென்னையில் இருக்கிற மொத்த டீமும் பார்க்கும்படி கமெண்ட்டாகத்தான் எழுதுவார். அதிலும் 'விடவும்', ரேஷன் கடை போர்டு மாதிரி. நானும் சளைத்தவள் இல்லை, அதற்குக் கீழேயே பதில் எழுதுவேன். ஒரு அடைப்புக்குறிக்காக நாங்கள் அடித்துக்கொண்டதை டீமில் எல்லோரும் சினிமா மாதிரி பார்த்தார்கள்.

அந்தக் கமெண்ட்டுகளை எடுத்துவிட்டால் எங்களுக்குள் பேச்சே இல்லை என்பது மலைக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. சென்னையில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. இவர் பேசாதது உறைக்கவில்லை. இங்கே மத்தியானமே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ளும். சாப்பிடும்போது 'ம்', ரசம் ஊற்றினால் 'போதும்', அவ்வளவுதான். நான் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். மூச்சு முட்டியது. சென்னை ஆபீஸுக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று கம்பெனியில் கேட்டேன். வரச் சொல்லிவிட்டார்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு வேலையை முடித்துவிட ஆசைப்பட்டேன். ஃபார்மேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. யார் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் மொத்தத்தையும் ஒரே மாதிரி அடுக்கி வைத்துவிடும். மென்பொருள் செய்கிற வேலை மாறாது, எழுத்தின் தோற்றம் மட்டும் மாறும். அதை ஓட்டிவிட்டால் எங்கே வரி விடுவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. டீம் லீட் ஒப்புக்கொண்டார். நடுவில் வேறு யாராவது கை வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும் என்பதால், என் மாற்றம் உள்ளே போகிறவரை யாரும் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"இது உள்ள போன மறுநாள் நான் கெளம்புறேன்," என்று கணவரிடம் சொன்னேன். "திரும்பி வருவியான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது."

"சரி," என்றார்.

நான் போட்டுவைத்த காப்பி ஆறுவதற்குள் ஃபார்மேட்டர் வேலையை முடித்துவிட்டது. ஏகப்பட்ட ஃபைல்கள் மாறியிருந்தன. இந்த மாதிரி மாற்றத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. கம்ப்யூட்டர் தானாக ஓட்டுகிற சோதனைகள் எல்லாம் பச்சை காட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள், அப்ரூவ் அடிப்பார்கள், அடுத்த சோலியைப் பார்க்கப் போவார்கள். இவர் படித்தார். முதல் ஃபைலிலிருந்து, வரி வரியாக.

முதல் கமெண்ட் நியாயமானதுதான். ஊருக்கு ஊர் லாரி வாடகை எவ்வளவு என்கிற அட்டவணையை யாரோ கையால் நேராக அடுக்கி வைத்திருந்தார்கள். ஃபார்மேட்டர் அதைக் கலைத்துப் போட்டிருந்தது. அதை மட்டும் தொடாதே என்று கருவிக்குச் சொல்லி மறுபடி ஓட்டினேன். இரண்டாவதும் பரவாயில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உப்புச்சப்பில்லாதவை. 'இதை இன்னொரு முறை யோசிக்கலாம்.' எதை யோசிப்பது? சொல்ல மாட்டார். சென்னையில் மொத்த டீமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 'அக்கா, வீட்டுக்காரரைக் கொஞ்சம் உலுக்குங்க' என்று ஒருத்தி மெசேஜ் அனுப்பினாள்.

பழனியில் ரயிலேற்றிவிட ஒரு ஜீப் சொல்லி வைத்திருந்தேன். டிரைவர் தினமும் போன் செய்வார்.

"யக்கா, நாளைக்காச்சும் கெளம்புறீங்களா? வெள்ளனே சொல்லிட்டீங்கன்னா நான் வேற சவாரி பாப்பேன்ல."

"நாளைக்கு," என்பேன். கட்டி வைத்த பெட்டியிலிருந்தே ஒவ்வொரு துணியாக எடுத்து உடுத்திக்கொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் பிடிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு மத்தியானம் இன்னொரு கமெண்ட் வந்தது. 'கடைசியில் இந்தக் கமா தேவையா?' பதில் எழுதப் போன கையை எடுத்துவிட்டு, எழுந்து போய் அவர் அறைக் கதவைத் தள்ளினேன்.

"அந்தக் கமாவப் போட்டது மெஷினு. எல்லா எடத்துலயும்தான் போட்டுருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குச் சரின்னுட்டா நான் போயிருவேன். அதானே?"

"ஆமா," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது. போகாதே என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல வராமல், இந்தக் கல்லுளிமங்கன் ஒரு டீமையே கட்டிப்போட்டு வைத்திருக்கிறார். "அதை வாயால சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கத்தினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்ரூவ் செய்தார். கமெண்ட் எதுவும் எழுதவில்லை. நான் என் மேசைக்கு வந்து மாற்றத்தை உள்ளே சேர்த்துவிட்டு, டிரைவருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் ஜீப் வந்தபோது அவரும் ஏறி உட்கார்ந்தார். ஸ்டேஷனில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறாராம். வண்டி பழனி ரோட்டில் திரும்புகிறவரை வழக்கம்போல் ஒன்றும் பேசவில்லை. முதல் வளைவில் திடீரென்று வாயைத் திறந்தார்.

"நீ எழுதுறதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இருக்காது. மொத தடவையே சரியாத்தான் எழுதுவ."

"பெறகு எதுக்கு இத்தனை நாளா என் உசிர வாங்குனீங்க?"

"சரின்னு அடிச்சுட்டா அன்னைக்குப் பூரா உன்கிட்டப் பேச என்ன இருக்கு?"

அவர் நிறுத்தவில்லை. அணை திறந்த மாதிரி பேசினார். மலைக்கு வந்தால் நான் சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்தாராம். நான் வாசலுக்கும் அறைக்கும் நடக்கிற சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். எழுந்து வந்து என்ன கேட்பது என்று தெரியவில்லையாம். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து வளைவுகளில் ரொம்பவே நிதானமாகத் திருப்பினார். அடிவாரம் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் பத்து வளைவு இருந்திருக்கலாம்.

ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர ஆரம்பித்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார், பேசிக்கொண்டே.

"நீ மொத மொத ஆபீஸுக்கு வந்த அன்னைக்கே நான் என்ன நெனச்சேன்னா..."

வண்டி வேகம் எடுத்துவிட்டது. உடனே போன் போட்டேன்.

"என்ன நெனச்சீங்க?"

"அது... போன்ல எப்படிச் சொல்றது," என்று இழுத்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து பெட்டியைத் தூக்கினேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா, "சென்னைக்குன்னு சொன்னீங்களே?" என்றார். ஒட்டன்சத்திரத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றபடியே மறுபடியும் அவருக்குப் போன் போட்டேன்.

"ஒட்டன்சத்திரத்துல நிக்கிறேன். பஸ்ஸப் பிடிச்சு வெரசா வாங்க. வந்து மிச்சத்தைச் சொல்லுங்க."