பை உண்டு

எங்கள் தையல்கூடத்தில், துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் அடித்த ஆணியில், ஒரு பழைய கோட்டு பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்கள் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொள்ளும் கோட்டு. தைத்தபோது சாம்பல் நிறம். துவைத்துத் துவைத்து இப்போது அதற்கு நிறம் என்று ஒன்று இல்லை. முன்பக்கம் ஐந்து பொத்தான்கள், இடது பக்கத்தில் ஒரு பை, வலது பக்கத்தில் வெறும் துணி. பையின் வாய் நேராக இருக்காது, கை தானாகப் போய் விழுகிற மாதிரி கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்த வாய் இரண்டு முறை நைந்து, இரண்டு முறையும் நானே பட்டி வைத்துத் தைத்திருக்கிறேன். புதுக் கோட்டுகள் குவிந்து கிடக்கும் இடத்தில் இந்தக் கந்தல் எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் முதல் கோட்டு, அக்கா தைத்தது என்பேன்.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் நாளில் எனக்குப் பக்கத்துப் பலகையில் நின்றவர். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை அது. நீளமான பலகையில் ஒயர்களைப் படுக்க வைத்து, முனைகளில் பித்தளைப் பின் செருகி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். அக்காவுக்கு ஊர் ஊத்தங்கரைப் பக்கம். மழையை நம்பி விதைக்கிற குடும்பம். என்னைவிடச் சில வயது பெரியவர், என்னைவிடப் பல மடங்கு வாய் உள்ளவர். என் தெற்கத்திப் பேச்சைக் கேலி செய்தே எனக்கு வேலை பழக்கினார்.

அந்தத் தொழிற்சாலையில் ஆண்களின் கோட்டுக்கு இரண்டு பை. பெண்களின் கோட்டுக்குப் பையே கிடையாது. பெண்கள் பித்தளைப் பின்களைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பின்னை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள், மூக்குத்தியாகவா போட்டுக்கொள்வாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆண்களின் பைக்குள் நேர்மையைத் தவிர வேறெதுவும் நுழையாது என்று யார் கண்டுபிடித்தார்கள் என்பதும் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது.

பை இல்லாவிட்டால் கைக்குட்டை, அறைச் சாவி, பஸ் பாஸ், இருமலுக்கு மிட்டாய் எல்லாம் இடுப்பில்தான். மாதத்தில் சில நாள் நாப்கினும் இடுப்பில்தான். நின்று, குனிந்து, எட்டி ஒயர் இழுக்கும்போது இடுப்பில் செருகியது நழுவும். ஒரு கை வேலை செய்யும், இன்னொரு கை இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். வேலை மெதுவாகப் போகிறது என்று திட்டும் எங்களுக்குத்தான் விழும்.

ஒரு நாள் மதிய ஷிப்டுக்கு உள்ளே போகும்போது, வாசலில் சோதனை போடுகிற பெண் அக்காவின் இடுப்பில் தட்டுப்பட்டதை வெளியே இழுத்தார். செய்தித்தாளில் மடித்த நாப்கின். கீழே விழுந்து தாள் பிரிந்துவிட்டது. பக்கத்திலேயே ஆண்களின் வரிசை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் திருப்பிக்கொள்ளவில்லை. அக்கா குனிந்து எடுத்தார். மண்ணைத் தட்டினார். தாளை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, நாப்கினை மட்டும் அடையாள அட்டையைப் பிடிப்பதுபோல் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார், கேண்டீனைக் கடந்தார், எங்கள் லைனுக்கு வந்தார். அதைப் பலகையில் டேப் உருளைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அன்று எங்கள் பக்கம் வந்த சூப்பர்வைசர் எல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அக்காவின் கோட்டில் ஒரு பை இருந்தது. கோட்டின் அடிமடிப்பைப் பிரித்து, அந்தத் துணியிலேயே வெட்டித் தைத்திருந்தார். தையல் அவர் ஊரிலேயே பழகியது. சூப்பர்வைசர் பையைப் பிரித்துவிட்டு வரச் சொன்னார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"உங்க கோட்டுல ரெண்டு இருக்குதுங்களே சார். நீங்க ரெண்டையும் பிரிச்சிட்டு வாங்க, நான் ஒண்ணப் பிரிச்சிடறேன்."

அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். ஊத்தங்கரையிலிருந்து அவருடைய அண்ணன் வந்து கூப்பிட்டார். ஊரிலேயே ரவிக்கை தைத்தால் உட்கார்ந்த இடத்தில் பிழைக்கலாமே என்றார். அதில் தப்பில்லை, ஓசூரிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தையல் தெரிந்த பெண்ணுக்கு ரவிக்கை என்று உலகம் முடிவு செய்து வைத்திருக்கிறது. அக்கா கேட்கவில்லை. தொரப்பள்ளி போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார், பழைய மெஷின் ஒன்று வாங்கினார், பலகையில் தன் கையாலேயே எழுதி வைத்தார்: 'பெண்களுக்கான வேலைக் கோட்டு. பை உண்டு.' கடைக்குப் பெயர் வைக்கவில்லையா என்று கேட்டேன். இதுதான் பெயர் என்றார்.

முதல் கோட்டுக்கு அளவு கொடுத்தவள் நான். அப்போது நான் இன்னும் தொழிற்சாலையில்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போவேன். அக்கா அளவு டேப்பை எடுக்கும் முன், ஒயர் கட்டுவதுபோல் செய்து காட்டச் சொன்னார். வெறும் காற்றில் ஒயரை இழுத்தேன், குனிந்தேன், எட்டினேன். அவர் சுற்றி நடந்து பார்த்தார். கையைச் சும்மா விடச் சொல்லி, அது எங்கே விழுகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அதன் பிறகுதான் மார்பளவு, தோளளவு எல்லாம். துணி துண்டுத் துணி. ஒரு பைக்குத்தான் போதுமாக இருந்தது. ஒன்று வந்ததே பெரிசு என்று நான் கையை உள்ளே விட்டு விட்டு எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோட்டே எங்களுக்கு மாதிரி ஆயிற்று. வந்தவர்கள் அனைவரும் அளவு கொடுக்கும் முன் வேலையைச் செய்து காட்டினார்கள். சின்னச் சின்ன ஒர்க்ஷாப்களில் கோட்டைத் தாங்களே வாங்கிப் போட வேண்டிய பெண்கள் வந்தார்கள். பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் பெண்கள் வந்தார்கள். கத்தரி நிற்கிற ஆழத்துக்கு அவர்களுக்குப் பை. கன்னடம் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் வந்து பையை 'ஜேபு' என்று கேட்பார்கள். மூன்று மொழியையும் ஒரே வாக்கியத்தில் போட்டு அக்கா பதில் சொல்வார், அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கொஞ்ச காலத்தில் நானும் வேலையை விட்டுவிட்டு அக்காவோடு சேர்ந்தேன். அந்த முதல் கோட்டு நைகிற வரை அதைப் போட்டுக்கொண்டுதான் தைத்தேன். மெஷின்கள் கூடின, தைக்க நான்கு பெண்கள் வந்தார்கள். ஆனால் தனித்தனிக் கோட்டை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? வாடகை தள்ளிப்போகத் தொடங்கிய நேரத்தில், எங்கள் பழைய தொழிற்சாலையிலிருந்தே பர்ச்சேஸ் மேடம் காரில் வந்து இறங்கினார். புதிதாக வந்தவர், நல்ல மாதிரி. எங்கள் தையலைப் புரட்டிப் பார்த்துப் பாராட்டினார். அங்கே வேலை செய்யும் அத்தனை பெண்களுக்கும் வருடா வருடம் கோட்டு நாங்களே தைக்கலாம் என்றார். ஒரே நிபந்தனை, பை கூடாது. மேலிடத்து விதி.

அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆண்களுக்கும் பை இல்லை என்றால் பெண்களுக்கும் பை இல்லாமல் தைக்கிறேன், அவர்களுக்கு உண்டு என்றால் இவர்களுக்கும் உண்டு என்றார். ஆண்களின் கோட்டு வேறொருவருடைய ஆர்டர், அதில் தனக்கு வேலையில்லை என்று மேடம் சொன்னார். அப்படியென்றால் இதில் எங்களுக்கு வேலையில்லை என்று அக்கா டீ ஊற்றிக் கொடுத்தார். மேடம் டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

கார் திரும்பும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல கடை நிக்கட்டும்க்கா. பையெல்லாம் பொறவு வச்சுக்கிடலாம்."

"பை இல்லாத கோட்டு தைக்க ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க பாப்பா. அதுக்கு நான் எதுக்கு?"

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான்கு பெண்கள் எங்களை நம்பியிருந்தார்கள்; நானும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். எனக்கு வந்த கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அக்கா சொன்னதும் நியாயம்தான். ஒரே கொட்டகைக்குள் இரண்டு நியாயம் இருந்தால் மூச்சு முட்டும். நால்வரில் இருவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். அதற்கும் நான் அக்காவைத்தான் முறைத்தேன்.

அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போனது. எங்கள் பழைய லைன் பெண்களுக்குப் புதுக் கோட்டு வந்தது, பையில்லாமல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களில் ஒரு பெண் அந்தக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். பர்ச்சேஸ் மேடத்திடம் அக்கா சொன்ன பதில் எப்படியோ லைனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதில் ஒரு பை வைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். வெளியே தெரியாமல் உள்பக்கமாக வைத்தால் வம்பில்லை என்றும் சொன்னாள். அக்கா கோட்டை வாங்கி வெளிப்பக்கத்தை மேலே திருப்பிப் போட்டார்.

"ஒளிச்சு வெக்கறதுன்னா இடுப்பே போதும் கண்ணு. பைன்னா வெளிய இருக்கணும்."

அந்தக் கோட்டின் துணி எங்களிடம் இல்லை. ரோஜாத் தோட்டத்துப் பெண்களுக்கு வெட்டியதில் மிஞ்சிய மெரூன் துணியில் பை வைத்தார். சாம்பல் கோட்டில் மெரூன் பை, பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். போட்டுக்கொண்டு போனவளை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று நான் சொன்னேன். அப்படியே நடந்தது. ஆனால் அவள் வீட்டுக்குப் போகாமல் வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். போகிற வருகிற பெண்கள் எல்லாம் அந்தப் பையைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு கொட்டகை வாசலில் வரிசை நின்றது. மெரூன் தீர்ந்துபோய் பச்சை, நீலம், கட்டம் போட்டது என்று கையில் கிடைத்த துணியிலெல்லாம் பை வைத்தோம். கோட்டு யாரோ தைத்தது, பை எங்களுடையது. ஒருத்தியைத் திருப்பி அனுப்பலாம், ஒரு லைனையே திருப்பி அனுப்பினால் அன்றைக்கு வண்டிக்கு ஒயர் யார் கட்டுவது? திங்கட்கிழமை வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். பித்தளைப் பின் ஒன்றும் காணாமல் போகவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பைக்காக வந்தவர்கள் தங்கைக்கு, பக்கத்து அறைப் பெண்ணுக்கு என்று கோட்டுக்கும் வந்தார்கள். எங்களை விட்டுப் போன இருவரும் திரும்பி வந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு கொட்டகை எடுத்தோம். பலகை மட்டும் அதே பலகை, அக்காவின் அதே கோணல் எழுத்து.

போன வாரம் அந்தப் பர்ச்சேஸ் மேடம் மறுபடி வந்தார். தலையில் கொஞ்சம் நரை, மற்றபடி அதே நல்ல மாதிரி. உட்காரும் முன்பே விஷயத்தைச் சொன்னார். இந்த வருடம் பெண்களின் கோட்டுக்குப் பை வைக்க மேலிடம் ஒப்புக்கொண்டுவிட்டது, அத்தனையும் எங்களுக்கே. அக்காவைப் பார்த்தேன். அவர் மேடம் கொண்டுவந்த கோட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் இருக்குதுங்களா மேடம்?"

"ஆமா. ஏன்?"

"ஆம்பளைங்களுக்கு?"

"ரெண்டு," என்ற மேடம், கொஞ்சம் சலிப்போடு எங்கள் ஆணியைக் காட்டினார். "உங்க கோட்டுலயே ஒண்ணுதானேம்மா இருக்கு?"

அக்கா திரும்பிக் கோட்டைப் பார்த்தார், நானும் பார்த்தேன். தினமும் பார்க்கிற கோட்டுதான். துண்டுத் துணி போதாமல் அன்று ஒரு பையோடு விட்டதை, முழுத் துணி கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகும் நாங்கள் யாரும் மாற்றவில்லை. சூப்பர்வைசரிடம் இரண்டு என்று எண்ணிச் சொன்னவர், தன் கடையில் ஒன்றையே எல்லோருக்கும் வைத்துக்கொடுத்திருக்கிறார். ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் நாங்களும் அடுத்ததைக் கேட்கவில்லை.

அக்கா எழுந்து கோட்டை ஆணியிலிருந்து எடுத்தார். என்னைக் கூப்பிட்டு அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பொத்தான் எட்டவில்லை, உடம்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. வலது கையைச் சும்மா விடச் சொன்னார், விட்டேன். அது விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு சாய்ந்த கோடு போட்டார்.

"அது எங்க தப்புங்க மேடம். இன்னியோட சரி. ரெண்டு வெச்சாத்தான் தெப்போம்."

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக மேடம் போயிருக்கிறார். இன்னும் ஒரு தகவலும் இல்லை. இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. அன்று சாயங்காலமே வலது பக்கப் பையை வெட்டித் தைத்துவிட்டேன். சாம்பல் துணி கட்டுக் கட்டாக இருந்தும் மெரூன் துணியைத்தான் தேடி எடுத்தேன். கோட்டு மறுபடி ஆணியில் தொங்குகிறது. யாரும் பார்க்காதபோது எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் இரண்டு பைக்குள் விட்டபடி கூடம் முழுக்க ஒரு சுற்று நடக்கிறேன்.